ஆய்வேட்டில் இல்லாத கேள்வி

1

வணிக மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். குந்தாரப்பள்ளிப் பக்கம் எங்கள் காலனியில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டம் வந்த வாரம் காலனி முகப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அண்ணல் அம்பேத்கர் படத்துக்குக் கீழே என் படம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காரணம் அடக்கமெல்லாம் இல்லை. ஓசூர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களைப் பற்றியது என் ஆய்வு. அந்தப் பெண்களிடம் நான் கேட்ட கேள்விகளில் ஒன்றை, அவர்கள் பதில் எழுதிக் கொடுத்த பிறகு, என் கையாலேயே எடுத்துப் போட்டேன். எடுத்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. இது எனக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் வைத்த பிள்ளைகளுக்குத் தெரியாது.

முதலில் பட்டத்தை வாங்கிவிடுவோம், அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்போம், வாங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியா? இதுதான் இங்கே நான் எடுத்துக்கொள்கிற கேள்வி. என் ஒருத்தியோடு முடிகிற விஷயம் என்றால் இந்தப் பக்கங்களைக் கேட்டிருக்க மாட்டேன். பல்கலைக்கழகத்துக்குள் போயிருக்கிற நம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் என்றாவது ஒரு நாள் யாராவது ஒருவர், அநேகமாக நல்லெண்ணத்தோடுதான், ‘இப்ப வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லியிருப்பார்கள். அந்த ‘அப்புறம்’ என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

2

இந்தப் படிப்புக்கு நான் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் சந்தை. காய்கறியும் உண்டு, ஆனால் பேர் வாங்கியது ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான். பக்ரீத், தீபாவளி நெருங்கினால் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வந்துவிடுவார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அங்கே பேரம் நடக்கும்.

என் அப்பா அந்தச் சந்தையில் கூலிக்கு மாடு ஓட்டியவர். வாங்கிய மாட்டை லாரியில் ஏற்றுவது, விற்காத மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய் விடுவது அவர் வேலை. பல்லைப் பார்த்து வயசு சொல்வார், சுழியைப் பார்த்துக் குணம் சொல்வார். தரகர்கள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் விலை பேசப் போவார்கள். மாட்டைப் பற்றிய அறிவு அவருடையது. தரகுக் காசு அவர்களுடையது.

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற முறை வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் கையை நீட்டி மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை கேட்பது, விரலைப் பிடித்தே ஏற்றுவது, இறக்குவது. சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. அதனால் அடுத்து வருகிறவனிடம் புதிதாகப் பேரம் பேசலாம். விற்கிறவனுக்கு அது ஒரு பாதுகாப்பு.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது நாங்கள் வளர்த்த கிடாரியை விற்க அப்பாவோடு நானும் போனேன். அப்பா கையை நீட்டினார். யாரும் துண்டு போடவில்லை. தரகர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு வாயாலேயே சத்தமாக ஒரு விலையைச் சொன்னார். அது சந்தைக்கே கேட்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்க ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் அதே விலைக்குத்தான் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நம்ம கையப் புடிச்சா தீட்டு ஏறிடும்னு பயமா, விலை ஏறிடும்னு பயமா, ஒண்ணும் புரியல பாப்பா.”

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எம்.பி.ஏ. முதல் வாரத்தில், வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் ஏற்பாடே சந்தை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். இரண்டு பேர் ஒரே சந்தையில் எதிரெதிரே நின்றும் சந்திக்காமல் போக முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதை எந்தப் பாடத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ஆராய்ச்சிக்குப் போனால் எழுதலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் இந்தப் பட்டத்துக்கு வந்தேன்.

3

மேலாண்மை என்கிற படிப்பு தன்னை நடுநிலையான அறிவு என்று சொல்லிக்கொள்கிறது. அதன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்தத் துறையின் மூலநூல்களில் ஒன்று அமெரிக்கரான ஃபிரடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட ‘அறிவியல்முறை மேலாண்மைக் கோட்பாடுகள்’. பெத்லகேம் இரும்பு ஆலையில் வார்ப்பிரும்புப் பாளங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற கூலிகளை வைத்து அவர் நடத்திய சோதனை அதில் வருகிறது. ஓர் ஆள் ஒரு நாளில் ஏற்றிக்கொண்டிருந்தது 12½ டன். டெய்லரின் ஆட்கள் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று ‘இப்போது தூக்கு, இப்போது உட்கார்’ என்று சொல்லிச் சொல்லி அதை 47½ டன் ஆக்கினார்கள். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆனது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இந்த வேலைக்குத் தகுந்தவன் மந்த புத்தியில் மாட்டை ஒத்தவனாக இருக்க வேண்டும் என்கிற கருத்தையும் டெய்லர் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தொழிலாளிக்கு நூலில் ‘ஷ்மிட்’ என்று பேர். அவருடைய உண்மையான பேர் ஹென்றி நோல். எங்கள் ஊர் மாட்டுச் சந்தையை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தப் பக்கத்தைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1840-களில் தாமஸ் அஃப்லெக் என்பவர் அமெரிக்கப் பருத்தித் தோட்ட முதலாளிகளுக்காக அச்சடித்த கணக்குப் புத்தகங்களை விற்றார். அவற்றில் ஒவ்வொரு அடிமையின் பெயருக்கும் எதிரே வருஷத் தொடக்கத்தில் விலை எவ்வளவு, வருஷ முடிவில் எவ்வளவு என்று எழுதக் கட்டங்கள் இருந்தன. யந்திரத்துக்குத் தேய்மானம் போடுகிற மாதிரி மனிதர்களுக்குப் போட்டிருக்கிறார்கள். கெய்ட்லின் ரோசன்தால் என்கிற வரலாற்றாளர் 2018-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்குப் புத்தகங்களை ஆராய்ந்து, நவீன மேலாண்மையின் வரலாறு தொழிற்சாலையில் மட்டும் இல்லை, அடிமைத் தோட்டத்திலும் இருக்கிறது என்று காட்டினார்.

அப்படியென்றால் இந்தப் படிப்பே நமக்கு வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிற இடத்தில் நம் ஆட்கள் இல்லாமல் போனதால்தான் எதை வரவில் வைப்பது, எதைச் செலவில் வைப்பது, எதை எழுதாமலே விடுவது என்பதையெல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். அந்த இடத்துக்கு நாம் போயே ஆக வேண்டும். போன பிறகும் அதே கட்டங்களை அப்படியே நிரப்பிக்கொடுத்தால் போனதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் கேள்வி.

4

சாதியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொன்னபோது என் நெறியாளர் சொன்ன பதில்: “அது சோஷியாலஜி சப்ஜெக்ட்மா. நம்ம டிபார்ட்மெண்ட்ல எடுபடாது.” அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். உதவித்தொகை வராத மாதங்களில் கையில் காசு கொடுத்தவர் அவர்.

ஆனால் அவர் சொன்னது சரியில்லை. சாதி ஒரு வணிகக் கேள்வி. இந்த நாட்டில் ஒருவனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது, முதல் எப்படிச் சேருகிறது, சேர்ந்த முதல் எப்படி அழிகிறது என்பதெல்லாம் வணிகக் கேள்விகள் என்றால் சாதியும் அதில் சேர்ந்ததுதான்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி சமம், பெயரில்தான் வித்தியாசம். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. அதே ஆண்டு சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆட்சேர்ப்பு அதிகாரிகளைப் பேட்டி கண்டார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான் என்றார்கள் அதிகாரிகள். நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் அவர்களே சொன்னார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், யார் யார் படித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தகுதியின் பகுதி. 2012-இல் அஜித், டோங்கர், சக்சேனா மூவரும் வெளியிட்ட ஆய்வு 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. 93 சதவீதம் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 சதவீதம்.

சேர்த்த முதல் அழிகிற கதைக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் தருமபுரிப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி இருக்கின்றன. 2012 நவம்பர் 7-ஆம் தேதி, ஒரு காதல் திருமணத்தைக் காரணமாகச் சொல்லி, இந்த மூன்று குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்ச் சம்பாதித்தவர்களின் வீடுகள் அவை. பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், பைக்கை எரித்தார்கள், படித்த சான்றிதழ்களையும் எரித்தார்கள். வணிகப் பாடத்தில் ‘இடர்’ என்று ஒரு அத்தியாயமே உண்டு. வட்டி ஏறும் இடர், நாணய மதிப்பு இறங்கும் இடர், மழை பொய்க்கும் இடர் எல்லாம் அதில் வரும். சேரிக்காரன் முதல் சேர்த்தால் அது கண்ணை உறுத்தி, ஒரு நாள் சாயங்காலத்துக்குள் சாம்பலாகலாம் என்கிற இடர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நத்தத்துக்காரனுக்கு இது சமூகவியலா, வணிகமா?

ஏன் இல்லை என்றால், எழுதுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். இந்திய மேலாண்மை நிறுவனங்கள் என்கிற ஐ.ஐ.எம்.கள் பதின்மூன்றின் விவரம் 2018 தொடக்கத்தில் வெளியானது. 642 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 4 பேர், பழங்குடி 1. அகமதாபாத் ஐ.ஐ.எம். முனைவர் நிலைப் படிப்பைத் தொடங்கியது 1971-இல். அதில் இடஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்க அது ஒப்புக்கொண்டது, குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்த பிறகு, 2025 சேர்க்கையிலிருந்துதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் நிர்வாகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் யார் யார் என்பது இதிலிருந்து விளங்கும்.

5

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தக் கேள்வியை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும்.

வேலையிடத்தில் பெண்களின் மனநிறைவு என்பது என் தலைப்பு. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தபோது கம்பெனி வேலை என்றால் ஆம்பளை வேலை. இப்போது விடியற்காலையில் நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனி பஸ் ஒவ்வொன்றிலும் பெண் பிள்ளைகள். எங்கள் அம்மா தலைமுறை மாங்கூழ்த் தொழிற்சாலையில் சீசனுக்கு மாம்பழம் நறுக்கி, மாம்பால் பட்டு விரல் வெந்துபோனவர்கள். இந்தத் தலைமுறை உறை போட்ட கையோடு சின்னச் சின்ன உதிரிபாகங்களைப் பொருத்துகிறது. இது முன்னேற்றம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வினாப்பட்டியலை எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போனேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டம். முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி சற்றும் உடன்படவில்லை என்பது வரை. ‘என் மேற்பார்வையாளர் என்னை மரியாதையாக நடத்துகிறார்.’ ‘என் வேலை எனக்குப் பெருமை தருகிறது.’ இப்படி வரிசையாகப் போகும். நெறியாளரிடம் கெஞ்சி நான் கடைசியில் சேர்த்த வாக்கியம் இது: ‘என் சாதி தெரிந்த பிறகு என்னிடம் பழகுகிற விதம் மாறியிருக்கிறது.’ அதற்குக் கீழே, விரும்பினால் எழுத இரண்டு கோடு.

முதலில் நிரப்பியவள் என் சித்தி மகள். ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தாள். பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: “எந்த கட்டத்துல டிக் போட்டா உனக்கு நல்லதுக்கா? சொல்லு, அதையே போட்டுடறேன். எங்க ரூம்ல இருக்கறதுங்களையும் போடச் சொல்றேன்.”

நான் அவளைக் கண்டித்தேன். அப்படிச் செய்யக்கூடாது, உன் மனசில் இருப்பதைப் போடு என்று ஆராய்ச்சி நெறிமுறை பேசினேன். அவள் கேட்டதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, சோறு ஆறிக்கொண்டிருக்க, எனக்காக உட்கார்ந்து எழுதிய பெண்கள் அவர்கள். தகவல் என்று நான் நினைத்ததை அவர்கள் எனக்குச் செய்கிற உதவியாக நினைத்திருக்கிறார்கள். நம்ம பொண்ணு டாக்டர் ஆகட்டும் என்று டிக் போட்டிருக்கிறார்கள். மரியாதை உண்டு, பெருமை உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் கடைசிக் கேள்விக்கு வரும்போது பலருடைய கை நின்றிருக்கிறது. டிக் போட்டு அடித்திருந்தார்கள். சிலர் அந்த இரண்டு கோட்டில் எழுதியிருந்தார்கள். லைனில் பக்கத்தில் உட்காருகிற பெண் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஊர்ப் பேரைக் கேட்ட மறுநாளிலிருந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள் என்று ஒருத்தி. ஹாஸ்டலில் குழம்பு வாங்கிக்கொள்வதில்லை என்று ஒருத்தி. ‘அக்கா இதை யார்கிட்டயும் காட்டாதீங்க’ என்று மட்டும் ஒருத்தி.

இனி கணினி வேலை. கேள்விகளெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று பார்க்க 1951-இல் க்ரோன்பாக் வகுத்த ஓர் எண் உண்டு. ஆல்ஃபா என்பார்கள். 0.7-க்கு மேல் இருந்தால் நம்பகமானது என்பது இந்தத் துறையின் வழக்கம். எந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் அந்த எண் எவ்வளவு ஏறும் என்றும் மென்பொருளே அட்டவணை போட்டுக் காட்டிவிடும். என் அட்டவணையில் எடுத்தால் எண் ஏறும் கேள்வி எதுவென்று சொல்லத் தேவையில்லை. மற்ற கேள்விகளுக்கு எல்லாம் ‘ஆமாம்’ சொன்னவர்கள் இந்த ஒன்றில் மட்டும் வேறு மாதிரி பேசியிருந்தார்கள். கணக்குக்கு அது ஒத்துவராத குரல். “பாரும்மா, நான் சொல்லல, கம்ப்யூட்டரே சொல்லுது” என்றார் நெறியாளர். அனுமதி கொடுத்த கம்பெனி வருத்தப்படும், வெளித் தேர்வாளர் சிக்கல் பண்ணுவார், மூணு வருஷ உழைப்பு என்றும் சொன்னார்.

அளவுகோலில் சேராத கேள்வியைத் தனியாக வைத்து ஆராய வழி இருக்கிறது. ஆய்வேட்டிலிருந்தே தூக்க வேண்டும் என்று எந்த முறையியல் நூலும் சொல்லவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் தூக்கினேன். ஆல்ஃபா ஏறியது. வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள். ஓசூர் வட்டாரப் பெண் தொழிலாளர்கள் பொதுவாக மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று என் பேர் போட்ட ஒரு ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒரு கம்பெனி அதை எடுத்துக் காட்டலாம்.

6

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் என்னிடம் சொல்கிற சமாதானம் ஒன்று உண்டு. அம்பேத்கரே தன் முனைவர் பட்ட ஆய்வில் சாதியைப் பற்றியா எழுதினார்?

நியாயமான கேள்வி. அவர் கொலம்பியாவில் எழுதியது மாகாண நிதியைப் பற்றி, 1925-இல் நூலானது. 1923-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்ஸி. வாங்கியது ரூபாயின் சிக்கலைப் பற்றி. இரண்டும் பொருளாதாரம், நிதி. இடையில் வணிகத்தை அவர் நேரிலும் பார்த்தார். 1917-இல் பரோடா அரசு வேலைக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பிப் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். துண்டு போடாத அதே கதைதான். 1918-இல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். கூட வேலை பார்த்த பேராசிரியர்களில் சிலர், பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை எதிர்த்தார்கள். வணிகம் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில்தான் இது நடந்தது.

ரூபாய் பற்றிய ஆய்வேடு ஆங்கில அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கியது. தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். அவர் திருத்தினார், மொழியின் காரத்தைக் குறைத்தார், முடிவுகளை மாற்றவில்லை என்கிறது அவரது வாழ்க்கை வரலாறு. அந்த நூலுக்கு முன்னுரை எழுதிய அவரது ஆசிரியர் எட்வின் கேனன், அதன் வாதங்கள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். உடன்படாத ஆசிரியரிடம் பட்டம் வாங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சாதியைப் பற்றி அவர் அங்கே எழுதவில்லை, வாஸ்தவம். நாணய மாற்று விகிதம் என்பது அந்த ஆய்வின் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சேர்ந்த எதையும் அவர் எடுக்கவில்லை. சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை 1916-லேயே கொலம்பியாவில் தனிக் கட்டுரையாகப் படித்துவிட்டார். நான் எடுத்துக்கொண்ட கேள்வியோ வேலையிடத்து மரியாதை. சாதி அதில் சேர்ந்தது. கேட்டேன், பதிலும் வந்தது, அதன் பிறகு எடுத்தேன். ஒன்றைப் பற்றி எழுதாமல் இருப்பது வேறு. எழுதி வந்ததை அழிப்பது வேறு. அம்பேத்கரை எனக்குச் சாட்சியாக நான் கூப்பிட முடியாது.

7

அப்படியானால் பட்டத்தை விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டுமா? பல நாள் யோசித்திருக்கிறேன்.

வெளியிலிருந்து தியாகம் பேசுவது சுலபம். பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பது 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா போனபோது ஊருக்கே தெரிந்தது. மாதக்கணக்கில் உதவித்தொகை வராத ஆராய்ச்சி மாணவர் அவர். வீட்டில் அம்மாவின் வெந்த விரல்கள் இருக்கும்போது ‘கொள்கைக்காகப் பட்டத்தை விடு’ என்று என்னிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நானும் யாரிடமும் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டு பிழைத்துக் கரையேறுவது நம் ஜனங்கள் காலம் காலமாகக் கையாண்ட ஒரு தந்திரம். அதைக் கோழைத்தனம் என்று நான் ஏசவும் மாட்டேன்.

ஆனால் அந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு நடந்ததை நான் மறைக்கலாம். வகுப்பில் என்னைக் கேட்ட கேள்விகள், வாடகைக்கு வீடு தராத தெரு, அப்பாவின் கிடாரி, எல்லாம் என்னுடையவை. அவற்றை எப்போது சொல்வது, சொல்லாமலே விடுவதா என்பது என் இஷ்டம். அதை நான் விலையாகக் கொடுக்கலாம், நஷ்டம் எனக்கு. அந்த இரண்டு கோட்டில் அந்தப் பெண்கள் எழுதியது என்னுடையது இல்லை. அதை நான் கேட்டு வாங்கினேன். ‘யார்கிட்டயும் காட்டாதீங்க’ என்று எழுதியவள் தன் பேரைக் காட்டாதே என்றுதான் சொன்னாள். நடந்ததே இல்லை என்று ஆக்கிவிடச் சொல்லவில்லை. என் மௌனத்தை நான் விற்கலாம். அடுத்தவளின் பேச்சை விற்க முடியாது. அதை விற்றால் துண்டுக்கு அடியில் கை வைக்க எனக்கும் இடம் கிடைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. மாடு மட்டும் கைமாறிவிடும்.

‘அப்புறம் பேசிக்கலாம்’ என்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பட்டம் வந்த பிறகு வேலை உறுதியாகட்டும் என்று தோன்றும். வேலை வந்த பிறகு பதவி உயர்வு வரட்டும் என்று தோன்றும். எண்ணை ஏற்றுவதற்காக ஒரு கேள்வியை எடுத்துப் பழகிய கைக்கு அடுத்ததை எடுப்பது கஷ்டமாக இருக்காது. எனக்கு அது நடந்துகொண்டிருந்தது.

ஆகவே ஆராய்ச்சிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். தலைப்பில் விட்டுக்கொடுங்கள். மொழியில் விட்டுக்கொடுங்கள். காரத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதீர்கள். ஆனால் யாரிடமாவது போய் உட்கார்ந்து ஒரு பதிலை வாங்கிவிட்டால் அந்தப் பதிலை அழிக்காதீர்கள். முதன்மை அத்தியாயத்தில் வைக்க முடியாவிட்டால் பின்னிணைப்பில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் படிவங்களைப் பத்திரமாக வைத்திருந்து, பேரை மறைத்து, இந்த மாதிரிப் பக்கங்களிலாவது எழுதுங்கள். பட்டம் வாங்கிய அன்றே தொடங்குங்கள். நான் தாமதித்தேன்.

போன மாதம் சித்தி மகளைப் பார்க்கப் போனேன். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “தெரியும்க்கா. அது இருந்திருந்தா உனக்குக் குடுத்திருப்பாங்களா?” என்றாள். அவள் என்னை மன்னித்தாளா, குத்திக் காட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: “நாங்க எழுதின பேப்பரெல்லாம் வச்சிருக்கியா, போட்டுட்டியா?”

வைத்திருக்கிறேன் என்றேன்.

“அப்ப ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துக்கினு வா. எழுதினவளுங்க நெறைய பேர் இங்கதான் இருக்காங்க. யார் பேரும் சொல்லாம படிச்சுக் காட்டு. எழுதினவளுக்குத் தன்னுது எதுன்னு தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.